பன்றியா, பாஞ்சோவா? ரால்ஃப் ஸ்டான்லியின் மலைகளில்

புதன், ஷெல்பி

நாங்கள் தேடிப் போகிற ஆள் ரால்ஃப் ஸ்டான்லி, 2016-இல் மறைந்த பாடகர், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்தவர். ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், நிலக்கரி மலைகளுக்கு நடுவே. ஆனால் வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் ஷெல்பியில் இறங்காமல் போனால் கதை பாதியில் தொடங்கும். ஒரு மணி நேர ஓட்டம்தான். ஊர் நடுவில் 1907-இல் கட்டிய பழைய கோர்ட்டு கட்டிடம் நிற்கிறது. 2014 முதல் அது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மையம்.

பாஞ்சோ என்றதும் பொலபொலவென்று ஸ்வரங்கள் உதிரும் ஒரு சத்தம் காதில் வருமே, அது இந்த வட்டாரத்தில் பிறந்தது. அதற்கு முன்பு மலைநாட்டில் பெரும்பாலும் வாசித்தது கிளாஹாமர் முறை: விரல்களை மடக்கிக்கொண்டு நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே அடிப்பது. மேற்கு வட கரோலினாவில் ஸ்மித் ஹாமெட், ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் தந்தியை மீட்டி வாசித்தார்கள். பக்கத்து ஃபிளின்ட் ஹில்லில் 1924-இல் பிறந்து, ஷெல்பி நூல் மில்லில் வேலை பார்த்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். கென்டக்கிக்காரரான மன்ரோ தன் மாநிலத்தின் பட்டப்பெயரைக் குழுவுக்கு வைத்திருந்தார். குழுவின் பெயரே பிறகு இசைக்கும் ஒட்டிக்கொண்டு புளூகிராஸ் ஆனது.

என்னோடு வந்திருப்பது மச்சினன். கார் ஓட்டுவது அவன், பேசுவது நான் என்று ஏற்பாடு. கீபோர்டு கொஞ்சம் வாசிப்பான், இந்த இசை சுத்தமாகத் தெரியாது. மையத்தில் ஓடிய பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "எல்லாரும் இருக்காங்க, ட்ரம்ஸ் எங்க மாமா?"

நல்ல கேள்வி. பழைய புளூகிராஸில் ட்ரம்ஸ் கிடையாது. பாஞ்சோ, கிட்டார், மாண்டலின், ஃபிடில், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ், அவ்வளவுதான். தாளத்தை இவர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பாஞ்சோவே பாதி தோல் வாத்தியம்தான். வட்டமான சட்டத்தில் கன்றுத்தோல் இழுத்துக் கட்டி (இப்போது பிளாஸ்டிக்), அதன்மேல் சின்ன மரக் குதிரை நிறுத்தி, தந்திகளை ஓட்டியிருப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுவையில் செய்துகொண்ட வாத்தியத்தின் வழி வந்தது இது. வெள்ளைக்கார மலைவாசிகளின் அடையாளமாக அது ஆன கதை நீளமானது, அவ்வளவு இனிப்பானதும் அல்ல.

மாலையில் ஆஷ்வில் தாண்டி 26-ஆம் நெடுஞ்சாலையில் சாம்ஸ் கேப் கணவாய் ஏறினோம். அக்டோபர் மாதம், மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஏற்றத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். இரவு பிரிஸ்டல்.

வியாழன், பிரிஸ்டல்

இந்த ஊரின் கடைத்தெருவான ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் நடு ரோட்டில்தான் மாநில எல்லை. ஒரு பக்கத்து நடைபாதை வர்ஜீனியா, எதிர்ப்பக்கம் டென்னசி. சாலை நடுவே பித்தளைப் பட்டயங்கள் பதித்திருக்கிறார்கள். எல்லாரையும் போல ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டோம்.

1927 ஜூலை கடைசியில், டென்னசிப் பக்கம் இருந்த ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டிடத்தில் விக்டர் ரெக்கார்டு கம்பெனியின் ரால்ஃப் பியர் கருவிகளை இறக்கினார். இரண்டு வாரத்துக்குள் 19 குழுக்கள், 76 பாட்டுகள் பதிவாயின. கண்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். இன்று கண்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று ஊர் சொல்லிக்கொள்வதும், 2014-இல் அருங்காட்சியகம் திறந்ததும் அதனால்தான். 'பிறப்பிடம்' என்பது கொஞ்சம் கூடுதல், அதற்கு முன்பே வேறு ஊர்களில் பதிவுகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் அருங்காட்சியகம் அருமை. அந்த 76 பாட்டுகளையும் உட்கார்ந்து கேட்க ஒரு நாள் வேண்டும்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. 1927-இல்தான், பிப்ரவரி 25-ஆம் தேதி, இங்கிருந்து வடக்கே டிக்கன்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் போல) ரால்ஃப் ஸ்டான்லி பிறந்தார். அண்ணன் கார்ட்டர் (பெயரே அதுதான், மேலே சொன்ன குடும்பம் வேறு) 1925-இல் பிறந்தவர். இருவரும் சேர்ந்து 1946 கடைசியில் ஸ்டான்லி பிரதர்ஸ் என்று குழு தொடங்கி, நார்ட்டன் ஊர் ரேடியோவில் சில வாரம் பாடிவிட்டு, பிரிஸ்டலில் புதிதாக வந்த டபிள்யூசிஒய்பி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தினமும் மதியம் 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' என்ற நேரடி நிகழ்ச்சி. வயலிலிருந்து சாப்பிட வருகிற விவசாயி ரேடியோவைத் திருகும் நேரம். அலை ஐந்து மாநிலங்களுக்குப் போனது.

சம்பளம் கிடையாது! அதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ரேடியோவில் சும்மா பாட வேண்டும். பதிலுக்கு, "சனிக்கிழமை ராத்திரி இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் கச்சேரி" என்று சொல்லிக்கொள்ளலாம், பாட்டுப் புத்தகத்தைத் தபாலில் விற்றுக்கொள்ளலாம். கரடுமுரடான மலைப் பாதையில் ஒரே காரில் ஐந்து பேர், கூரை மேல் பேஸ், ராத்திரி கச்சேரி முடித்து, மறுநாள் மதியத்துக்குள் மறுபடி பிரிஸ்டல் மைக் முன்னால் நிற்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் அவர்கள் வந்து போய்க்கொண்டிருந்த மைக் அது. 1948-இல் ஸ்க்ரக்ஸும் லெஸ்டர் ஃபிளாட்டும் மன்ரோவை விட்டுப் பிரிந்து இதே நிலையத்துக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்த சாப்பாட்டு நேரக் கச்சேரி இன்று யாருக்கும் கிடைக்காது.

ஸ்டான்லிகளின் முதல் பதிவுகள் 1947-இல், பக்கத்து ஜான்சன் சிட்டியின் ரிச்-ஆர்-டோன் என்ற சின்னக் கம்பெனிக்கு. மன்ரோ மேடையில் பாடிக்கொண்டிருந்த 'மாலி அண்ட் டென்புரூக்ஸ்' என்ற குதிரைப் பந்தயப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அதே பாணியில் 1948-இல் இவர்கள் பதிந்து வெளியிட்டுவிட்டார்கள். மன்ரோவின் சொந்தப் பதிவு அதற்கு முன்பே முடிந்திருந்தும் கம்பெனி அதை அதற்குப் பிறகுதான் வெளியிட்டது. மன்ரோவுக்கு மகா கோபம். 1949-இல் அவருடைய கொலம்பியா கம்பெனியே ஸ்டான்லிகளையும் சேர்த்துக்கொண்டதும் அவர் டெக்கா கம்பெனிக்குப் போய்விட்டார். இசை எழுத்தாளர்கள் அந்த 1948 ரெக்கார்டை வேறு விதமாகப் பார்க்கிறார்கள்: ஒரு குழுவின் பாணியை இன்னொரு குழு எடுத்து வாசித்த அந்த இடத்தில்தான் புளூகிராஸ் ஓர் ஆளின் சொத்தாக இல்லாமல் ஓர் இசை வகை ஆனது என்று. கோபமும் நீடிக்கவில்லை. 1951-இல் கார்ட்டர் கொஞ்ச நாள் மன்ரோவின் குழுவிலேயே பாடினார்.

மாலையில் ஒரு வாத்தியக் கடையின் பின்கட்டில் ஜாம். வட்டமாக நாற்காலிகள், வருகிறவர்கள் வாத்தியத்தோடு உட்கார்ந்துகொள்கிறார்கள். எழுபது தாண்டிய ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம், இடைவேளையில் எங்களுக்காக மெதுவாக வாசித்துக் காட்டினார். முதலில் கிளாஹாமர். ஆள்காட்டி விரல் நகம் தந்தியில் இறங்குகிறது, அடுத்து விரல்கள் மொத்தமாக உரசுகின்றன, கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் கொக்கி போட்டு விடுகிறது. அந்த ஐந்தாவது தந்தி மற்றவை போல நுனியிலிருந்து வராது. கழுத்தின் நடுவில், ஐந்தாம் மெட்டுக்குப் பக்கத்தில் தனி முளையில் தொடங்குகிறது. குட்டைத் தந்தி, ஆனால் சுருதியில் எல்லாவற்றுக்கும் மேலே. கட்டைவிரல் திரும்பத் திரும்ப அதைத் தொடுவதால் பாட்டு எங்கே போனாலும் அந்த ஒரு ஸ்வரம் மேலே மணியடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் பிக் (தந்தியை மீட்ட மாட்டும் செயற்கை நகம்), இரண்டு விரல்களில் உலோக பிக் மாட்டிக்கொண்டு மூன்று விரல் முறை. 'ஃபார்வர்டு ரோல்' என்பது மூன்று விரலும் வரிசையாகச் சுற்றுவது. எட்டு ஸ்வரத்தில் மூன்று, மூன்று, இரண்டு. மச்சினன் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "தகிட தகிட தக" என்றான். அதேதான். பெரியவர் அதைச் சொல்லச் சொல்லித் தானும் சொல்லிப் பார்த்தார். 'தகிட' அவருக்கு 'டாக்கிடா' என்று வந்தது. ஆனால் கை ஒரு மாத்திரை பிசகவில்லை.

வெள்ளி, நார்ட்டன் வழியாக கிளின்ட்வுட்

மலை ஏற ஏற போனில் சிக்னல் போய்விட்டது. சாலையோரம் கரி ஏற்றும் பழைய கோபுரங்கள், பாதியில் நின்ற தண்டவாளங்கள், எல்லாவற்றையும் மூடி ஏறியிருக்கும் குட்சு கொடி. நார்ட்டன், வர்ஜீனியாவில் நகரம் என்று பெயர் பெற்றவற்றில் மிகச் சிறியது. அங்கே நின்றது டாக் பாக்ஸுக்காக. 1898-இல் பிறந்த சுரங்கத் தொழிலாளி அவர். 1927-இல் நார்ட்டன் ஓட்டலில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தபோது வாசித்துக் காட்டித் தேர்வாகி, நியூயார்க் போய் எட்டுப் பாட்டு பதிந்தார். சுரங்கத்துக்குத் திரும்ப வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார். பொருளாதார மந்தம் வந்தது, கம்பெனிகள் சுருண்டன, மனைவிக்கோ இந்தப் பாட்டுத் தொழில் பாவம். பாஞ்சோ அடகுக்குப் போனது. மனிதர் சுரங்கத்துக்குத் திரும்பினார். 1963-இல் மைக் சீகர் என்ற நாட்டுப்புற இசைக்கலைஞர் தேடி வந்து கண்டுபிடித்த பிறகுதான் மறுபடியும் மேடை.

இவரை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மலையில் பாஞ்சோ வாசிக்கத் தெரிந்தவன் முன்னால் இருந்த வழக்கமான பாதை இதுதான்: சுரங்கம் அல்லது மரம் அறுக்கும் ஆலை. ஸ்டான்லியின் அப்பா லீ மர ஆலைத் தொழில் பார்த்தவர், பிறகு குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். ஸ்டான்லி சகோதரர்களும் ஒரு கட்டத்தில், 1951 வாக்கில், இசையை விட்டு டெட்ராய்ட் பக்கம் ஃபோர்டு கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். ஒத்துவரவில்லை, சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்கள்.

கிளின்ட்வுட், டிக்கன்சன் கவுண்டியின் தலைமையிடம். 1880-இல்தான் இந்தக் கவுண்டியே உருவானது. மாநிலத்தில் கடைசியாகப் பிறந்தது என்பதால் 'வர்ஜீனியாவின் குழந்தை' என்று செல்லப்பெயர். மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய விக்டோரியா காலத்து வீடு, 2004-இலிருந்து ரால்ஃப் ஸ்டான்லி அருங்காட்சியகம். எங்களைத் தவிர ஒரு தம்பதி மட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போகலாம். போஸ்டர்கள், கோட்டுகள், வாத்தியங்கள், குடும்பப் படங்கள்.

ஊரெல்லாம் சொல்லும் கதை இங்கேயும் முதலில் வருகிறது. சிறுவன் ரால்ஃபுக்கு மாட்டு டாக்டர் ஆகும் ஆசை. அம்மா லூசி ஒரு நாள் கேட்கிறார்: பன்றி ஒன்று விலைக்கு வருகிறது, பாஞ்சோவும் ஒன்று வருகிறது, இரண்டும் ஐந்து டாலர், இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், எது வேண்டும்? அவன் பாஞ்சோ என்றான். பாஞ்சோ அத்தை ஒருவருடையது. ஐந்து டாலர் ரொக்கமாகக் கைமாறவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வீட்டில் சின்ன மளிகைக் கடை இருந்தது. அத்தை அந்தத் தொகைக்குச் சாமான்களாக வாங்கிக் கழித்துக்கொண்டார்.

அம்மாவே வாத்தியார். அவருடன் பிறந்தவர்கள் பதினொரு பேர், எல்லாருக்குமே கிளாஹாமர் பாஞ்சோ வாசிக்கத் தெரியும் என்று ரால்ஃப் சொல்வதுண்டு. சுருதி சேர்த்துக் கொடுத்து, 'ஷவுட் லிட்டில் லூலி' என்ற பாட்டை வாசித்துக் காட்டினாராம். மகன் அதை வாங்கி உடனே வாசித்தானாம். பிற்காலத்தில் கச்சேரியில் மூன்று விரல் முறையில் பறந்துகொண்டிருக்கும்போதே பிக்கைக் கழற்றிவிட்டு, அம்மா சொல்லிக்கொடுத்த விதத்தில் ஒரு பாட்டு வாசிப்பார். கூட்டம் அதற்காகக் காத்திருக்கும்.

1945-இல் பள்ளி முடிந்ததும் ராணுவம், ஜெர்மனி. 1946 அக்டோபரில் திரும்பியபோது அண்ணன் பஸ் நிலையத்திலிருந்தே ரேடியோ நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்துவிட்டார் என்பார்கள். வீட்டுக்குப் போனது அப்புறம்தான். மாட்டு டாக்டர் கனவு அந்த பஸ் நிலையத்தோடு சரி.

கண்ணாடிக்குள் இருந்த பாஞ்சோக்களை மச்சினன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்க்ரக்ஸ் வாசித்த கிப்சன் 'பிளாட்ஹெட்' வகை: தோலுக்கு அடியில் இருக்கும் உலோக வளையம் தட்டையாக இருக்கும், தோல் முழு அகலத்துக்கும் அதிரும், நாதத்தில் கொஞ்சம் கனம் உண்டு. ரால்ஃபுக்குப் பிடித்தது 'ஆர்ச்டாப்'. அந்த வளையம் உள்பக்கமாக மேடு கட்டித் தோலைத் தூக்கிப் பிடிக்கும். அதிரும் பரப்பு குறைவு, சத்தம் கூர்மை. அதையும் குதிரைக்கு நெருங்கி வாசிப்பார், கேப்போ (கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுச் சுருதியை ஏற்றிக்கொள்வார். அலங்காரம் இல்லை, ஃபார்வர்டு ரோலை விடாமல் ஓட்டுவதுதான் வித்தை. ஸ்க்ரக்ஸோடு ஒப்பிட்டால் வித்வத்தில் ஒரு படி கீழே என்று பாஞ்சோக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் 'கிளின்ச் மவுண்டன் பேக்ஸ்டெப்' கேளுங்கள். இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் கணக்குக்கு மேல் ஒரு தட்டு கூடும். முதன்முறை கேட்கிறவனுக்குத் தாளம் தவறிவிட்டது என்று தோன்றும். தவறவில்லை, பழைய மலைப் பாட்டுகள் அப்படித்தான் நடக்கும். அவர் அதைச் சீர் செய்ய மறுத்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறுத்தார். தன் இசையைப் புளூகிராஸ் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. பழைய மலைநாட்டுப் பாட்டு என்பார். முதலில் இது வீம்பு என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் அம்மா படத்துக்கும் ரேடியோ கால போஸ்டருக்கும் நடுவே நின்றபோது, இரண்டுக்கும் இடையில் அவர் எந்தப் பக்கம் என்பது புரிந்தது.

1966 டிசம்பர் 1 அன்று கார்ட்டர் இறந்தார். குடி, ஈரல். வயது 41. முன்னால் நின்று பாடியவர், பாட்டு எழுதியவர், மேடையில் பேசியவர் எல்லாமே அண்ணன். ரால்ஃப் பின்னால் நின்று மேல் ஸ்தாயியில் சேர்ந்து பாடுகிற கூச்சக்காரர். விட்டுவிடலாமா என்று யோசித்தவருக்கு ரசிகர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. தொடர்ந்தார். அண்ணன் இடத்துக்கு லாரி ஸ்பார்க்ஸ் வந்தார், பிறகு ராய் லீ சென்டர்ஸ். 1970 வாக்கில் பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் கே ஊரில் ஒரு கச்சேரிக்கு வழியில் டயர் பஞ்சராகித் தாமதமாக வந்து சேர்ந்தார். உள்ளே தன் பாட்டுகளையே, அண்ணன் தம்பி குரலிலேயே யாரோ பாடுகிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்க கிளப்காரர் இரண்டு பள்ளிப் பையன்களை மேடையேற்றியிருந்தார்: ரிக்கி ஸ்காக்ஸ், கீத் விட்லி. இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் இருவருமே கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பெரிய நட்சத்திரங்கள். விட்லியும் 1989-இல் குடியால்தான் போனார்.

இரவுச் சாப்பாடு ஒரு சின்ன உணவகத்தில். சோளரொட்டியும் பீன்ஸும் சைவம் என்று நம்பி ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுவிட்டோம். பீன்ஸ் வெந்ததே பன்றி எலும்போடுதான். சோளரொட்டி, வெண்ணெய், ஊறுகாய் என்று முடிந்தது.

சனி, ஸ்மித் ரிட்ஜ், பிறகு ஹில்ட்டன்ஸ்

ஒரு சாலைக்கே டாக்டர் ரால்ஃப் ஸ்டான்லி நெடுஞ்சாலை என்று பெயர். டாக்டர் என்பது 1976-இல் டென்னசியின் லிங்கன் மெமோரியல் பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டம். அன்றிலிருந்து இந்த வட்டாரத்துக்கே அவர் 'டாக்டர் ரால்ஃப்'. அதே வட்டாரம் அவர் கவுண்டிப் பதவிக்குத் தேர்தலில் நின்றபோது தோற்கடித்தது. ஓட்டு வேறு, பாட்டு வேறு.

ஸ்மித் ரிட்ஜ் மேட்டில் ஏறினால் புல்வெளி, மேடை, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக மலை. 1971-இலிருந்து மே மாதக் கடைசியில் அவர் நடத்திய விழா இங்கேதான். இப்போது ஆளில்லை. குடும்பக் கல்லறையில் அம்மா, அண்ணன், 2016 ஜூன் 23 அன்று 89 வயதில் இறந்த ரால்ஃப். நாஷ்வில்லில் வீடு வாங்குகிற அளவுக்குப் பெயர் வந்த பிறகும் பிறந்த ஓடையிலிருந்து சில மைல் தள்ளியே கடைசி வரை இருந்தவர்.

வழியில் மரப்பலகைச் சர்ச்சுகள். ஸ்டான்லி வீட்டார் பிரிமிட்டிவ் பேப்டிஸ்ட் பிரிவினர். அந்தச் சர்ச்சில் பியானோவோ ஆர்கனோ, எந்த வாத்தியமும் கூடாது. பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும், ஸ்வரக் குறிப்பு இருக்காது. ஒருவர் முதல் வரியை இழுத்துச் சொல்வார், சபை மொத்தமும் அதை வாங்கி மெதுவாக, ஒரே குரலாக, வளைத்து வளைத்துப் பாடும். நம் ஊர் மார்கழி பஜனையில் முன்னால் போகிறவர் அடி எடுத்துக் கொடுப்பது போல, ஆனால் ஜால்ரா இல்லாமல், வேகம் பாதியாக. இங்கே கேட்டு வளர்ந்த குரலைத்தான் ரால்ஃப் மேடைக்கு எடுத்துப் போனார். புளூகிராஸ் குழுக்கள் வாத்தியம் இல்லாமல் நால்வராகப் பக்திப் பாட்டுப் பாடுவது இன்று சாதாரணம். அதை அவர் அந்த ரசிகர்களுக்குப் பழக்கியது 1971-இல் வந்த 'கிரை ஃப்ரம் தி கிராஸ்' ஆல்பத்தில்.

2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்துக்கு இசைப் பொறுப்பு டி போன் பர்னெட். 'ஓ டெத்' பாட்டை டாக் பாக்ஸ் பாணியில் பாஞ்சோவோடு வேண்டும் என்று கேட்டார். ரால்ஃப் வாசித்தும் காட்டினார். பிறகு, என் வழியில் ஒரு முறை பாடுகிறேன் என்று பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார். இரண்டு மூன்று வரியிலேயே, இதுதான் வேண்டும் என்று பர்னெட் சொல்லிவிட்டார். சாவோடு பேரம் பேசும் பாட்டு. இன்னும் ஒரு வருஷம் விட்டுவை என்று கெஞ்சும் அந்தக் குரலில் நடுக்கமும் இருக்கும், கெட்டியும் இருக்கும். 2002-இல் சிறந்த கண்ட்ரி பாடகருக்கான கிராமி விருது, ஜானி கேஷ், டிம் மெக்ரா எல்லாரையும் தாண்டி, 75 வயதை எட்டிய இந்த மனிதருக்கு.

பாஞ்சோவுக்காக மாட்டு டாக்டர் ஆசையை விட்டவர், பாஞ்சோவைக் கீழே வைத்த ஒரு பாட்டில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தார். அது விபத்து அல்ல என்பதற்கு அந்த மரப்பலகைச் சர்ச்சுகளே சாட்சி. பாஞ்சோ நுழையக் கூடாத இடத்தில் உருவான குரல் அது. அம்மாவின் கையும் சர்ச்சின் குரலும் இரண்டும் அவரிடம் கடைசி வரை ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவே இல்லை. விரல் மூட்டு வலி வந்து பாஞ்சோ வாசிப்பு குறைந்தபோது, குழுவில் ஸ்டீவ் ஸ்பார்க்மன் அவர் பாணியிலேயே வாசிக்க, இவர் பாடிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் தெற்கே இறங்கி ஹில்ட்டன்ஸ். இங்கே ஒரு வேடிக்கை. ரால்ஃபின் குழுவுக்குப் பெயர் கிளின்ச் மவுண்டன் பாய்ஸ். ஆனால் அவர் வீடு இருந்த மேடு கிளின்ச் மலையே அல்ல. அந்த நீண்ட மலைச்சுவரின் அடிவாரத்தில் இருப்பது, பிரிஸ்டலில் பதிவான அந்தக் கார்ட்டர் குடும்பத்து ஏ. பி. கார்ட்டரின் ஊர். அவர் மகள் ஜேனட் 1974-இல் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரிகள் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற அரங்கில் இன்னும் நடக்கின்றன. மது கிடையாது, மின்சார வாத்தியம் கிடையாது. குடும்பத்து மருமகன் ஜானி கேஷுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அவருடைய கடைசிக் கச்சேரியும் இந்த மேடையில்தான், 2003 ஜூலை 5.

இன்றைய குழு சுமார். பாடகருக்குத் தொண்டை சரியில்லை. ஆனால் ஃபிடில்காரர் வேகம் கூட்டியதும் மேடைக்கு முன்னால் இருந்த பலகைத் தளம் நிறைந்துவிட்டது. ஷூவின் அடியில் உலோகத் தகடு அடித்துக்கொண்டு தாத்தா பாட்டிகள், பேரப்பிள்ளைகள். மேல் உடம்பு அசையாது, கால் மட்டும் பேசும். "ட்ரம்ஸ் கிடைச்சுடுச்சு மாமா" என்றான் மச்சினன். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி அவனைக் கை பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். படம் எடுத்திருக்கிறேன், அக்காவிடம் காட்ட வேண்டாம் என்கிறான்.

ஞாயிறு, திரும்பும் வழி

மழை. சாம்ஸ் கேப் வரை வைப்பரும் பாஞ்சோவும் போட்டி போட்டன. குழுவை இப்போது மகன் ரால்ஃப் ஸ்டான்லி தி செகண்ட் நடத்துகிறார். குரல் அப்பாவை விடக் கனம், ஏறக்குறைய பெரியப்பா கார்ட்டர் பக்கம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில்: 1953 முதல் 1958 வரை மெர்க்குரி கம்பெனிக்கு அண்ணனும் தம்பியும் பதிந்தவை. ரால்ஃபின் கை முழு வேகத்தில் இருந்த காலம், கார்ட்டர் உயிரோடு இருந்த காலம். ஒவ்வொரு பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சதை என்று எதுவும் கிடையாது. 1971 ஆல்பம் அப்புறம். 'ஓ டெத்' கடைசியில், ராத்திரியில் தனியாக ஓட்டும்போது வேண்டாம்.

மச்சினன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நேராக 'ஓ டெத்'தில் தொடங்க வேண்டும், அது பிடிக்காதவனுக்கு மற்றது எதைப் போட்டும் பிரயோஜனமில்லை என்கிறான். ஆஷ்வில் வரை இதே வாக்குவாதம். ஸ்டியரிங் அவன் கையில் இருந்ததால் அவன் சொன்ன பாட்டுதான் ஓடியது.